தோ 4

அந்த உயிருக்கு ஊரும் இல்லை, பேரும் இல்லை. ஒரு எழுத்தும் ஒரு எண்ணும்தான் இருந்தன. விரல்நகம் அளவுள்ள குப்பிமூடியின் மேல் அழியாத மையில் ‘தோ 4’ என்று எழுதியிருந்தது. அதற்குமேல் எழுத மூடியில் இடமில்லை. எழுதியவருக்குப் பொறுமையும் இல்லை.

மூடியைத் திறந்தவள் அந்த நிறுவனத்தின் மண் நுண்ணுயிர்ப் பிரிவில் ஆறாவது ஆண்டாகத் தற்காலிகமாக இருந்துவருபவள். விடிந்தால் அடைந்தால் கண்ணாடித் தட்டுகளோடே புழங்குவதால் அவளுக்குத் தட்டம்மா என்று பெயர். அவள் அறையை விட்டு வெளியே போனதும் அது தட்டம்மை ஆகிவிடும். அவளுக்கும் தெரியும். ஆறு வருஷமாகியும் ஒருத்தருக்கும் தொற்றாத தட்டம்மை இது ஒன்றுதான் என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

அவளுடைய நியமன உத்தரவில் ஒரு வரி உண்டு. ஆறு ஆண்டுகளுக்குள் மண்ணிலிருந்து ஒரு புதிய பாக்டீரியா இனத்தையாவது பிரித்தெடுத்து, விவரித்து, ஆய்விதழுக்கு அனுப்பினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் சாவியை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பலாம். ஆறு ஆண்டு முடிய ஏழு வாரம் இருந்தது.

புதிய இனம் தேடுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, வேண்டியது சலிக்காத புத்திதான். ஒரு கிராம் மண்ணை உப்புத் தண்ணீரில் கலக்க வேண்டும். அதைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்ய வேண்டும். அதையும் பத்து மடங்கு. இப்படியே போய், மண் இருந்ததா என்று மண்ணுக்கே சந்தேகம் வரும் நிலையில் ஒரு துளி எடுத்துத் தட்டில் தடவ வேண்டும். இரண்டு மூன்று நாளில் புள்ளி புள்ளியாக முளைக்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு உயிரின் வாரிசுக் கூட்டம். ஒன்றைத் தொட்டெடுத்துத் தனியாக வளர்த்து, அதன் மரபணுவில் ஒரு துண்டைப் படிக்கக் கொடுத்தால், உலகத்தில் பேர் வைத்த அத்தனை பாக்டீரியாவோடும் ஒப்பிட்டு, இன்னாருக்கு இத்தனை சதவீதம் சொந்தம் என்று விடை வரும். ஆறு வருஷமாக வந்ததெல்லாம் தொண்ணூற்றொன்பதரை, தொண்ணூற்றொன்பதே முக்கால். எல்லாம் ஏற்கெனவே பேர் வைத்து, குடும்பத்தில் சேர்த்து, புத்தகத்தில் ஏற்றிய ஆட்கள்.

தோ 4 மட்டும் தொண்ணூற்றாறு புள்ளி நாலு என்று வந்தது. தொண்ணூற்றெட்டே முக்காலுக்குக் கீழே வந்தாலே புதுசாக இருக்கலாம் என்பது தொழில் கணக்கு. அவள் மூன்று முறை திரும்ப அனுப்பினாள். மூன்று முறையும் அதே விடை. முழு மரபணுத் தொகுதியையும் படிக்கவைத்தாள். அதுவும் இவன் வேறு ஆள் என்றே சொல்லிற்று.

வீட்டில் சொன்னாள். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். மேலே போவது, கீழே வருவது, நடுவில் மாட்டிக்கொள்வது என்ற மூன்று நிலைகளுக்கு மேல் அவர் எதையும் சிக்கலாக்கிக்கொள்வதில்லை. “இப்ப நீ எதுல இருக்க?” என்று மட்டும் கேட்டார். மாமியார்தான் விவரமாக விசாரித்தார். பேரினம் என்றால் என்ன, குடும்பம் என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, கடைசியில் தனக்குப் புரிகிற மாதிரி ஒரு கேள்வி போட்டார்.

“தொண்ணூத்தாறுன்னா அது பங்காளியா, சம்பந்தியா?”

“ஒண்ணு விட்ட பங்காளி அத்தை.”

“அப்ப பேச்சுவார்த்தை இருக்காது” என்று மாமியார் முடித்துவிட்டார்.

குழப்பம் அடுத்த வாரம் ஆரம்பித்தது. புதிய இனத்தை விவரிப்பதென்றால் அது எந்தச் சூட்டில் வளரும், எவ்வளவு உப்பு தாங்கும், எதைத் தின்னும் என்று ஒவ்வொன்றாகச் சோதித்து எழுத வேண்டும். மண்ணில் கிடைப்பவை பொதுவாக மிதமான சூட்டிலேயே செழித்து வளரும். இது அங்கே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. காய்ச்சல் இல்லாத மனித உடம்பின் சூட்டில் வைத்தால் இளஞ்சிவப்பாகப் பூத்துக் கொட்டியது. உப்பைக் கூட்டக் கூட்ட உற்சாகம். கொழுப்பென்றால் உயிர். மண்ணில் பிறந்த ஒன்றுக்கு இவ்வளவு கொழுப்பு எதற்கு என்று அவள் தலையைச் சொறிந்தாள்.

இதற்குள் விஷயம் இயக்குநர் காதுக்குப் போய்விட்டது. நிறுவனத்தில் வெளியாகும் எல்லா ஆய்வுக்கட்டுரையிலும் முதல் பெயர் அவருடையதுதான். கட்டுரையைப் படிக்கும் கடைசி ஆளும் பெரும்பாலும் அவர்தான். சில சமயம் அதுவும் இல்லை. அவர் கைராசிக்காரர் என்று ஒரு பேச்சு உண்டு. அவர் நட்ட செடி பட்டுப்போவதில்லை, அவர் திறந்துவைத்த கருவி பழுதாவதில்லை என்பார்கள். அந்தப் பேச்சைக் கிளப்பியவரும் அவர்தான்.

அவர் வந்து தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தலைகீழாகப் பிடித்திருந்தார். யாரும் சொல்லவில்லை.

இதற்குத் தன் பெயரையே வைத்துவிடலாம் என்பது அவருடைய எண்ணம். லத்தீனில் கடைசி எழுத்தை லேசாக வளைத்தால் போதும், ஆயிரம் வருஷம் நிற்கும் என்றார். கட்டுரை எழுதுகிறவர் தன் பெயரையே வைத்துக்கொள்வது முறையில்லை என்று தட்டம்மா பணிவாகச் சொன்னாள். ஒன்று ஆசிரியராக இருக்கலாம், இல்லை பாக்டீரியாவாக இருக்கலாம், இரண்டாகவும் இருக்க முடியாது. இயக்குநர் வெகுநேரம் யோசித்தார். எது பெரிய பதவி என்று அவருக்குப் பிடிபடவில்லை.

அந்தக் கவலையோடு அவர் போனபின்தான் அவள் விவரப் படிவத்தின் முதல் வரிக்கு வந்தாள். ‘எங்கிருந்து பிரித்தெடுக்கப்பட்டது?’

அவள் அதுவரை சந்தேகப்படவே இல்லை. தோ என்றால் தோட்டம். நிறுவனத்தின் பின்பக்கத் தோட்டத்தில் பன்னிரண்டு பாத்திகள் உண்டு. அவள் நோட்டில் தோட்டம் 1 முதல் தோட்டம் 12 வரை இருந்தன. இது நாலாம் பாத்தி. ஆனால் இந்தக் குப்பியை உறைபெட்டியில் வைத்தது அவள் இல்லை. மாமியாருக்கு முழங்கால் அறுவை நடந்தபோது அவள் மூன்று வாரம் விடுப்பில் இருந்தாள். முளைத்த தட்டுகளிலிருந்து புள்ளிகளைத் தொட்டெடுத்துக் குப்பியில் அடைத்து எழுதிவைத்தவர் கொதிகலன்.

கொதிகலன் என்பது பாத்திரங்களை நீராவியில் கிருமிநீக்கம் செய்யும் அறையின் பொறுப்பாளர். அந்த அறையின் சூட்டில் இருபது வருஷம் இருந்து அவரே ஒரு கருவிபோல் ஆகிவிட்டார். அவ்வப்போது புஸ்ஸென்று மூச்சு விடுவார்.

“அண்ணே, இந்த தோ நாலு, தோட்டம்தானே?”

கொதிகலன் குப்பியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“தோட்டமா? நான் தோல்விக்குத்தான் தோன்னு போடுவேன் மேடம்.”

“எந்தத் தோல்வி?”

“மண்ணே போடாம சும்மா வைக்கிற தட்டு இருக்குல்ல. ஒண்ணும் முளைக்கக் கூடாது. முளைச்சா தோல்வி. கொதிக்க வச்சுக் கொட்டிடணும்.”

“அப்ப கொட்டலையா?”

“சிலது அழகா இருந்துச்சு. மனசு வரல.”

அவள் உட்கார்ந்துவிட்டாள். மண்ணே படாத தட்டில் காற்றில் வந்து விழுந்த ஏதோ ஒன்று என்றால், நியமன உத்தரவின் அந்த வரியில் ‘மண்ணிலிருந்து’ என்ற சொல் அவளைப் பார்த்துச் சிரிக்கும். சரி, அப்படியானால் தோட்டத்து மண்ணின் குப்பிகளில் என்ன எழுதினீர்கள் என்று கேட்டாள். அதற்கும் தோ என்றுதான் போட்டாராம். எதற்கு எது என்று அப்போது தெரிந்திருந்ததாம்.

உறைபெட்டியின் பதிவேட்டை வைத்திருக்கும் அக்காவிடம் போனாள். அந்த அக்கா பக்கத்தைப் புரட்டி, தோ என்பது தோராயம் என்று அடித்துச் சொன்னார். அளவு சரியாக அளக்காததற்கெல்லாம் அப்படித்தான் குறிப்பதாம். தோராயமாக என்ன என்று கேட்டதற்கு, அது தெரிந்தால் ஏன் தோராயம் என்று எழுதப்போகிறோம் என்றார். அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை.

இரண்டு நாள் இப்படிப் போயிற்று. மூன்றாம் நாள் வரவேற்பறையில் லிஃப்டுக்காக நின்றபோது எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த படத்தை அவள் முதல்முறையாகப் பார்த்தாள். முதல்முறை என்றால், தினமும் கடந்து போகிற படம்தான். முக்கால்வாசிச் சட்டத்தை இயக்குநரின் முகம் அடைத்திருந்ததால் மிச்சத்தைப் பார்க்கத் தோன்றியதில்லை. அவள் விடுப்பில் இருந்த நாளில் பள்ளிப் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். இயக்குநர் அவர்களுக்கு முன்னால் ஒரு செடி நட்டுவிட்டு, கையில் எவ்வளவு கிருமி இருக்கிறது பாருங்கள் என்று உள்ளங்கையை ஒரு தட்டில் அழுத்திக் காட்டியிருக்கிறார். அந்தக் காட்சிதான் படம். பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, மாட்டவைத்தவர் அவரே. பெரிதாக்கியதில் தட்டின் ஓரமும் பெரிதாகியிருந்தது. அங்கே கொதிகலனின் கையெழுத்தில், புள்ளியெல்லாம் வைத்து, தெளிவாக இருந்தது: தோல் 4.

கொதிகலனைக் கூட்டிவந்து காட்டினாள். அவர் ஒரு முறை புஸ்ஸென்று மூச்சு விட்டார்.

“ஆமா மேடம். மூணு தடவை கையை வச்சாரு, போட்டோ சரியா விழலன்னாங்க. நாலாவதுலதான் சிரிப்பு வந்துச்சு. அந்தத் தட்டையும் கொட்ட மனசு வரல.”

“குப்பில ஏண்ணே ‘ல்’ விட்டுட்டீங்க?”

“இடம் பத்தல.”

இனி யூகித்துப் பயனில்லை, சோதித்துத்தான் பார்க்க வேண்டும். நாலாம் பாத்தியில் ஐந்து இடத்தில் மண் எடுத்துப் போட்டாள். வெறும் தட்டுகளை ஆய்வகத்தில் அங்கங்கே திறந்து வைத்தாள். மூன்றாவது சோதனைக்கு இயக்குநர் அறைக் கதவைத் தட்ட வேண்டியிருந்தது.

“சார், உங்க கை வேணும்.”

இயக்குநர் நிமிர்ந்தார். பேர் வைக்கும் சடங்கில் இது ஒரு கட்டம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். மோதிரத்தைச் சரிசெய்துகொண்டு, போட்டோ எடுக்க ஆள் வரவில்லையா என்று கேட்டார். இன்றைக்கு வேண்டாம் என்று அவள் சமாளித்தாள். அவர் சிரித்த முகத்தோடே உள்ளங்கையைத் தட்டில் அழுத்தினார். படமில்லாமல் சிரிப்பது அவருக்குச் சிரமமாக இருந்ததுபோல் தெரிந்தது.

மூன்று நாள் கழித்துப் பார்த்தாள். பாத்தி மண்ணில் இல்லை. காற்றில் இல்லை. இயக்குநரின் தட்டில் மட்டும், ஐந்து விரலும் உள்ளங்கையும் வரைந்தாற்போல், அதிலும் மோதிரம் இருந்த இடத்தில் அடர்த்தியாக, இளஞ்சிவப்புப் புள்ளிகள்.

அவரிடம் தட்டைக் காட்டியபோது அவர் முதலில் அது அழகாக இருக்கிறது என்றார். விளங்கியதும் மேசைக்கு அடியில் கையை இழுத்துக்கொண்டார்.

“ஏம்மா, ஆபத்தா?”

“இல்ல சார். உங்க கையில இருக்கறதுலயே இதுதான் சாது.”

அவர் கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு மடமடவென்று பேசினார். வயது வந்த ஆணின் உள்ளங்கை என்று கட்டுரையில் வந்தால் அது யார் கை என்று உலகம் கேட்கும். அவள் வேலைக்கும் மண்தானே தேவை? அன்றைக்கு அவர் செடி நட்டது எந்தப் பாத்தியில்? நாலாம் பாத்தியில். அப்படியென்றால் மண்ணிலிருந்துதானே கைக்கு வந்திருக்க வேண்டும்? இப்போது மண்ணில் இல்லையென்றால், இருக்கும்படி செய்துவிட்டால் போயிற்று.

எப்படி என்று அவள் கேட்பதற்குள் அவர் தோட்டத்துக்கு இறங்கிவிட்டார். கோட்டைக் கழற்றிக் கொதிகலனிடம் கொடுத்தார், சட்டைக் கையை மடித்தார், நாலாம் பாத்தி ஓரமாகக் குந்தி உட்கார்ந்து இரண்டு கையாலும் மண்ணைப் பிசையத் தொடங்கினார். மேல்மாடி ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. கால் மணி நேரம் பிசைந்தார். நெற்றி வேர்வை மண்ணில் சொட்டியது. அது உப்புக்கு ஆகும் என்று கொதிகலன் மெல்லச் சொன்னார்.

“இப்ப எடும்மா. மண்ணுலேர்ந்துதான் எடுக்கற. பொய் இல்லை பாரு.”

தட்டம்மா கரண்டியோடு நின்றாள். எடுத்தால் மண்ணிலிருந்துதான் எடுத்ததாகும். ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனால் சேர்த்துப் படித்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு விளங்கவில்லை. எடுத்தாள். வேலை போய்விடும் என்ற பயத்தில் எடுத்தாளா, பார்த்துவிடலாம் என்ற ஆசையில் எடுத்தாளா என்று பிற்பாடு யோசித்தபோதும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அன்றைக்கே ஒரு சிட்டிகையும், ஒவ்வொரு நாளும் அதே பாத்தியிலிருந்து ஒரு சிட்டிகையுமாகத் தட்டில் போட்டுவந்தாள்.

முதல் நாள் மண்ணில் நிறைய இருந்தது. இரண்டாம் நாள் பாதி. நாலாம் நாள் நாலே புள்ளி. ஆறாம் நாள் ஒன்றுகூட இல்லை. பாத்தியில் காலங்காலமாகக் குடியிருந்தவை புதிதாக வந்த பெரிய மனிதரின் ஆட்களை ஆறே நாளில் தின்று தீர்த்திருந்தன. அது மண்ணில் வாழும் உயிரே அல்ல. இயக்குநரின் கையில் மட்டும் சௌக்கியமாக இருந்தது. அங்கே எப்படி வந்தது, எப்போது வந்தது, அவருக்கு முன் யார் கையில் இருந்தது என்பதெல்லாம் யாருக்கும் தெரியவில்லை.

அதுவும் நிலைக்கவில்லை. இயக்குநர் மணிக்கொரு தரம் சோப்புப் போடத் தொடங்கியிருந்தார். வேண்டாத விஷயங்களைக் கைகழுவிவிடுவது அவருக்குப் பழகிய வித்தைதான். தண்ணீரை வைத்துச் செய்தது இதுவே முதல்முறை. இரண்டு வாரத்தில் அவரே வலியவந்து கையை நீட்டினார். தட்டில் ஒரு புள்ளியும் முளைக்கவில்லை. உலகத்தில் அந்த உயிர் இப்போது அவளுடைய உறைபெட்டியிலும், விதிப்படி இரண்டு வெளிநாட்டுச் சேமிப்பகங்களுக்கு அவள் அனுப்பிவைத்த குப்பிகளிலும்தான் இருந்தது.

“பார்த்தியா? என் கையிலயும் இல்லை. எங்கயுமே இல்லாத ஒண்ணு எங்கேருந்து வந்ததுன்னு எழுதினா என்னம்மா? தோட்டம்னு எழுது. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது.”

கெடு முடிய நாலு நாள் இருந்தது. நியமனக் குழுவுக்குப் போக வேண்டிய படிவம் கட்டுரையோடு அவர் மேசையில் இருந்தது. அவள் ஏற்கெனவே நிரப்பியிருந்தாள். பிரித்தெடுத்த இடம்: வயது வந்த ஆண் ஒருவரின் வலது உள்ளங்கை. மண்ணிலிருந்து கண்ட புதிய இனங்கள்: 0.

“சார், நான் சேர்ந்த முதல் ரெண்டு வருஷம் என்ன பண்ணேன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?”

அவருக்கு ஞாபகம் இல்லை.

“ஏரிக்கரை மண்ணுல கிடைச்சதுன்னு யாரோ எழுதின ஒரு இனத்தைத் தேடினேன். நானூறு பை மண்ணு. கிடைக்கவே இல்லை. கடைசில எழுதினவருக்கே லெட்டர் போட்டேன். அது ஏரியே இல்லையாம், அவங்க லேப்ல தண்ணி சூடு பண்ற தொட்டியாம். கட்டுரைக்கு ஏரி நல்லா இருக்கும்னு போட்டாராம்.” அவள் படிவத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். “என்னை மாதிரி இன்னொருத்தி எங்கயாவது கரண்டியோட உட்கார்ந்திருப்பா சார். நாலாம் பாத்தியைத் தேடிக்கிட்டு.”

இயக்குநர் பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். ஆயிரக்கணக்கான காகிதங்களில் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர், அந்த ஒரு பக்கத்தை மூன்று முறை படித்தார். கட்டுரையின் ஆசிரியர் வரிசையிலிருந்து தன் பெயரை முதலில் அடித்தார். இப்போது விதிப்படி பாக்டீரியாவுக்கு அவர் பெயரை வைக்கத் தடையில்லை. அவள் அதைச் சொன்னாள். கிண்டலா, மரியாதையா என்று தெரியாமல் அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். அவளுக்கும் தெரியவில்லை. வேண்டாம் என்றார். பிறகு, பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

பெயர் வைக்கும் பொறுப்பு அவளிடமே வந்துசேர்ந்தது. கொதிக்கவைத்துக் கொட்டியிருக்க வேண்டியதை மனசு வராமல் எடுத்துவைத்தவரின் பெயரை லத்தீனில் வளைத்து எழுதினாள். கொதிகலனிடம் சொன்னபோது, தன்னால் கட்டுரையில் ஏதாவது தப்பு வந்துவிட்டதா என்று பயந்துபோய்க் கேட்டார்.

கட்டுரையை அனுப்பிவிட்டு மேசையைக் காலி செய்யத் தொடங்கினாள். கடைசி நாளன்று நியமனக் குழுவின் கடிதம் வந்தது. வீட்டில் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சத்தமாகப் படித்தாள்.

“மேற்படி இனம் மண்ணில் வாழ இயலாது என்று ஐயமற நிறுவப்பட்டுள்ளதைக் குழு பாராட்டுகிறது. எனவே, அவ்வினத்தை மண்ணில் கண்டறியும் பணிக்காக அன்னாரது தற்காலிக நியமனம் மேலும் ஓராண்டு நீட்டிக்கப்படுகிறது.”

கணவர் கரண்டியைக் கீழே வைத்தார். மாமியார் இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். அவள் படித்தாள். மாமியார் முழங்காலைத் தடவிக்கொண்டே யோசித்தார்.

“அப்ப அது கிடைச்சா நீ எழுதினது தப்பு. கிடைக்கலன்னா வேலை போயிரும். அப்படித்தானே?”

“தெரியல அத்தை.”

“நாளைக்குப் போகணுமா, வேண்டாமா?”

“ஒன்பது மணிக்குப் போகணும். எந்தப் பாத்தியில ஆரம்பிக்கணும்னு எழுதல.”

கணவர் கடிதத்தை வாங்கி, பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார்.